சித்தி ஒளித்த துடைப்பம்

வேலை முடிந்து மெக்கானிக் திரும்பியபோது அவள் வீட்டு வாண்டு மாடிப் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பம் அவளைவிட ஒரு சாண் உயரம். பெருக்குவதைவிட அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது. ஆனாலும் நெற்றியில் இல்லாத வியர்வையைப் புறங்கையால் துடைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த படிக்கு இறங்கினாள்.

எதிர்வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வீட்டில் நடப்பதைக் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"ஏழு வயசுப் பிள்ளை," என்றார், யாரையும் பார்க்காமல்.

"நான் சொல்லலை சார். அவளாத்தான் பெருக்குறா," என்றாள் மெக்கானிக்.

வாண்டு தலையைக் குனிந்துகொண்டாள். "சித்தி வந்துட்டாங்க அங்கிள். நான் சீக்கிரம் முடிக்கணும்," என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு மறுபடியும் துடைப்பத்தோடு போராடினாள்.

எதிர்வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே அவர் மனைவியை அழைப்பது மட்டும் நன்றாகக் கேட்டது.

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டிடங்களில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அவளுக்குத்தான் போன் வரும். ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், கதவைத் திறந்து, உள்ளே அலறிக்கொண்டிருப்பவர்களை வெளியே இழுத்துப் போடுவாள். வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் அவளிடமே "மெக்கானிக் எங்கம்மா?" என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் பழகிவிட்டாள். அவளுக்குப் பழகாதது, சொந்த வீட்டில் கொடுமைக்காரி பட்டம் வாங்குவதுதான்.

வாண்டு அவள் பெற்ற பெண் இல்லை. பெற்றவள் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் ரீடர். ஊரார் எழுதும் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துகிறவர். வீட்டில் ஏதாவது பிழை நடந்தால் மட்டும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அச்சகத்து லிஃப்டில் மாட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தவரை ஒரு நாள் மெக்கானிக் இழுத்து வெளியே போட்டாள். அதில் தொடங்கிய பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது.

ஆரம்ப மாதங்கள் நன்றாகத்தான் போயின. ஒரு நாள் சாயங்காலம் வாண்டு அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு, "உங்களை அம்மான்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். மெக்கானிக் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த வாரத்திலேயே வேலையில் ஒரு கம்பி கிழித்து, உள்ளங்கையில் தையல் போட்டுக் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். அதே வாரம்தான் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து தங்க எழுத்துப் போட்ட தடித்த கதைப் புத்தகம் ஒன்றும் வீட்டுக்கு வந்தது. வாண்டு அதைத் தலைகீழாக ஒப்பிக்கும் அளவுக்குப் படித்து முடித்தாள். அம்மா என்ற பேச்சு அத்தோடு நின்றது. "சித்தி" என்றாள், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி. மறுநாள் கையில் துடைப்பம்.

மெக்கானிக்கும் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். புரட்டப் புரட்ட அவளுக்கு உச்சி மண்டை சூடாகியது. இளவரசிகளுக்குத் தலைமுடியைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லை. ஏதாவது ஒரு வேலை உருப்படியாகத் தெரிந்த பெண் இருந்தால் அவள் சூனியக்காரி. சித்தி என்று ஒருத்தி வந்தால் போதும், கெட்டவள். ஏன் கெட்டவள் என்று ஒரு வரி காரணம்கூடக் கிடையாது. அப்பாக்கள் எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் வெளியூரில்.

"இதை எழுதினவன் கையில கிடைச்சா லிஃப்ட்ல ஏத்தி நடுவுல நிறுத்திடுவேன்," என்றாள்.

"கதைதானே," என்றார் ப்ரூஃப் ரீடர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

கதை என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் பெரியம்மா. செத்துப்போனவளின் அக்கா. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். தெர்மாமீட்டர் இல்லாமல் பார்வையாலேயே காய்ச்சலைச் சொல்கிறவள். அம்மா போன பிறகு வாண்டுவை இரண்டு வருடம் வளர்த்தவளும் அவள்தான். கல்யாணத்தன்றே மெக்கானிக்கைத் தனியாக அழைத்து, பிள்ளை முகம் வாடியது தெரிந்தால் அன்றைக்கே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அவள் வீட்டில் வாண்டுவின் அறை இன்னும் அப்படியே இருந்தது. வாண்டு இல்லாத வீட்டை மெக்கானிக்கால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

எனவே முதல் வேலையாகத் துடைப்பத்தை எடுத்துப் பரணில் ஒளித்து வைத்தாள்.

மறுநாள் வாண்டு பழைய துணி ஒன்றைத் தண்ணீரில் முக்கி, முட்டிபோட்டு, படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் இரண்டும் சிவந்திருந்தன. எதிர்வீட்டுக்காரர், துடைப்பம்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் பாவம் என்று கீழ் வீடு வரை கேட்கும்படி மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை பளிச்சென்று தெரிந்தால் போதும் என்று மெக்கானிக் ஒரு மஞ்சள் கவுன் வாங்கி வந்தாள். இரண்டு பக்கமும் பை வைத்தது. தேடிப் பிடித்து வாங்கினாள், பெண் பிள்ளைகளின் உடுப்பில் பை வைத்தால் துணிக்கடைக்காரர்களுக்குக் கை வலிக்குமாம். கவுனைப் பார்த்ததும் வாண்டுவின் முகம் ஒரு நொடி விரிந்தது. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் ஏதோ நினைவு வந்ததுபோல் முகத்தைச் சுருக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலை கவுனின் ஓரம் முழுக்கக் கத்தரியால் வெட்டப்பட்டு, மேலெல்லாம் ஷூ பாலீஷ் பூசப்பட்டிருந்தது. மெக்கானிக் வேலைக்குக் கிளம்பியிருந்தாள். ப்ரூஃப் ரீடர்தான் வாண்டுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டார். அவர் கண்ணில் அது படவே இல்லை, அச்சடித்திருந்தால் பட்டிருக்கும்.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. மெக்கானிக் வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வகுப்பு மிஸ் மிகவும் மென்மையாகப் பேசினார். அவ்வளவு மென்மையாக ஒருவர் பேசினால் எதிரில் இருப்பவர் குற்றவாளி என்று அர்த்தம். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா, குழந்தைக்கு வேலை அதிகமோ என்று கேட்டார். கேட்கும்போது மெக்கானிக்கின் நகத்தில் இருந்த கிரீஸையும் தோள் பையில் துருத்திக்கொண்டிருந்த ஸ்பேனரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாம் உங்கள் நூலகப் புத்தகம் செய்த வேலை என்று மெக்கானிக் எடுத்துச் சொன்னாள்.

"எல்லாக் குழந்தைங்களும் படிக்கிற புக்தாங்க அது," என்றார் மிஸ். "கதையிலிருந்துதானே நல்லது கெட்டது கத்துக்குறாங்க."

"என்ன கத்துக்குறாங்க மிஸ்? பொம்பளைன்னா ஒண்ணு அழகா இருக்கணும், இல்ல கெட்டவளா இருக்கணும். நான் ரெண்டுமில்லாம லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டிருக்கேன். என்னை எந்தக் கதையில சேர்ப்பீங்க?"

மிஸ் எதையோ குறித்துக்கொண்டார். வெளியே வரும் வழியில் சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள் ஒட்டியிருந்தன. வாண்டுவின் படத்தில் அப்பா ஓரமாகப் பேனாவோடு நின்றார். வாண்டு துடைப்பத்தோடு நின்றாள். தலையில் இரண்டு கொம்போடு மெக்கானிக், காகிதத்தின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம்வரை, இருக்கிற நல்ல நிறங்களையெல்லாம் போட்டு வரையப்பட்டிருந்தாள். கொம்புகூடப் பொன்னிறம். அவள் அதன் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

இந்தக் கதைகளைக் கதையாலேயே ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். சாப்பாட்டு மேசையில் வாண்டுவை உட்கார வைத்து, தானே ஒரு கதை சொன்னாள். ஓர் அரண்மனை. அதில் ஓர் இளவரசி. அவளுக்கு முடி குட்டை, மூளை நீளம். அரண்மனை லிஃப்ட் நடுவில் நின்றுவிட, உள்ளே ஓர் இளவரசன் மாட்டிக்கொண்டு அழுகிறான். இளவரசி ஸ்பேனரோடு வருகிறாள்.

"சித்தி எங்க?" என்று கேட்டாள் வாண்டு.

"இந்தக் கதையில சித்தி இல்ல."

"அப்ப இது கதையே இல்ல. சித்திதான் லிஃப்ட் கயிறை அறுத்துவிட்டாங்க. லிஃப்ட் டமால்னு விழுந்துடுச்சு."

மெக்கானிக் எவ்வளவோ பொறுத்துப்போனவள். இதை மட்டும் பொறுக்க முடியவில்லை. ஒரு கயிற்றை அறுத்தால் லிஃப்ட் விழாது, அதற்குப் பல கயிறுகள் உண்டு, எல்லாம் அறுந்தாலும் கீழே பாய விடாமல் பிடித்துக்கொள்ளத் தனி பிரேக் உண்டு என்று ஆரம்பித்து, பேப்பரில் படம் போட்டே விளக்கினாள். வாண்டு கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கடைசியில், "இவ்வளவு தெரிஞ்சவங்கன்னா அந்தச் சித்தி ரொம்ப ரொம்பக் கெட்டவங்க," என்று திருப்தியோடு சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

அப்போதுதான் ப்ரூஃப் ரீடர் பேப்பரைத் தாழ்த்தினார். தனக்குத் தெரிந்த ஒரே வழியில் குடும்பத்துக்கு உதவுவது என்று தீர்மானித்தார். யாரிடமும் சொல்லாமல் புத்தகத்தை எடுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, "கொடிய" என்று வந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு "நல்ல" என்று அழகாக எழுதினார். வேறு எதையும் தொடவில்லை. ப்ரூஃப் ரீடருக்கு ஆசிரியரின் கதையை மாற்றும் உரிமை கிடையாது, அது தொழில் தர்மம் என்று பின்னால் விளக்கம் சொன்னார்.

வாண்டு புத்தகத்தைத் திறந்ததும் வீடே இடிந்ததுபோல் அழுதாள். ரப்பரை எடுத்து அழித்து அழித்துப் பார்த்தாள். சிவப்பு மை போகவில்லை, காகிதம்தான் போனது. யாரோ தப்புத் தப்பாக மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று வகுப்பில் புகார் கொடுத்தாள். புகாருக்கு ஆதாரமாக எழுந்து நின்று உரக்கப் படித்தும் காட்டினாள்.

"நல்ல சித்தி அந்தப் பெண்ணைத் தானிய அறையில் வைத்துப் பூட்டினாள். நல்ல சித்தி சிரித்துக்கொண்டே ஓநாயை அவிழ்த்துவிட்டாள்."

வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். மிஸ் சிரிக்கவில்லை. கொடுமையை மறைக்க வீட்டில் புத்தகத்தையே திருத்துகிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. உடனே பிள்ளையின் வீட்டு நம்பரை எடுத்து அழைத்தார். அவசரத்தில் அவர் எடுத்தது பழைய பதிவேட்டில் இருந்த நம்பர். அது பெரியம்மாவுடையது.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பெரியம்மா மெக்கானிக்குக்குப் போன் செய்து சொன்னாள். சொன்னதும் போனை வைத்துவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

அன்று காலை மெக்கானிக் நகங்களைத் தேய்த்துக் கழுவினாள். பேக்கரியிலிருந்து கேக் வாங்கி வந்தாள். வாண்டுவிடம், இன்று ஒரு நாள் மட்டும் ஒழுங்கான உடுப்புப் போட்டுக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து, கேக் சாப்பிட வேண்டும் என்று கெஞ்சினாள். ப்ரூஃப் ரீடரிடம், தயவுசெய்து எதையும் திருத்தாமல் இருங்கள் என்றாள். இருவரும் தலையாட்டினார்கள்.

பெரியம்மா ஒரு காலிப் பெட்டியோடு வந்தாள். காலி என்பது அவள் அதைத் தூக்கிய விதத்திலேயே தெரிந்தது. சோபாவில் நேராக உட்கார்ந்தாள். சமையலறைக் கதவு திறந்தது. கிழிந்த மஞ்சள் கவுனில், கன்னத்தில் புதிதாகப் பூசிய கரியோடு, தட்டில் டீயை ஏந்திக்கொண்டு வாண்டு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தட்டோடு மூலையில் போய் நின்றாள்.

பெரியம்மா கேக்கை நீட்டினாள்.

"வேணாம் பெரியம்மா. சித்தி சாப்பிட்டு மிச்சம் இருந்தா எடுத்துக்குறேன்."

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. பெரியம்மா டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள். "பெட்டி கொண்டு வந்திருக்கேன். உன் துணியெல்லாம் எடுத்து வை. கிளம்பலாம்," என்றாள்.

"நான் வரலை."

"இங்க கொடுமை பண்றாங்கன்னு மிஸ் போன்ல சொன்னாங்களே?"

"ஆமா, பண்றாங்க," என்றாள் வாண்டு, தட்டை மார்போடு இறுக்கிக்கொண்டு. "நான் இங்கயே இருந்து கஷ்டப்பட்டுக்குறேன். நீங்க போங்க."

பெரியம்மா திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தாள். பிள்ளையை இந்த அளவுக்கு மிரட்டி வைத்திருக்கிறாயே என்று கேட்டாள். நர்ஸாக எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், உன்னைப்போல் ஒருத்தியைப் பார்த்ததில்லை என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

மெக்கானிக் எழுந்தாள். இத்தனை நாள் கெஞ்சியது, ஒளித்தது, வாங்கியது, விளக்கியது எல்லாம் சேர்ந்து வெடித்தது.

"அப்படியே வச்சுக்குங்க அக்கா. நான் கெட்டவதான். நல்லவன்னு நிரூபிச்சு நிரூபிச்சு எனக்கு அலுத்துப்போச்சு. இதோ இந்த மனுஷன் ஒரு நாள் இவளை ஸ்கூல்லயே மறந்துட்டு வந்தாரு. யாராவது பெட்டி தூக்கிட்டு வந்தாங்களா? பாவம், வேலை ஜாஸ்தின்னாங்க. ஷூ பாலீஷ் பூசின கவுனோட கூட்டிட்டுப் போய் விட்டவரும் இவருதான். போன் எனக்கு வருது. அப்பன் என்ன பண்ணினாலும் கதையில நல்லவன், நான் சும்மா நின்னாலே கொடுமைக்காரி. இருந்துட்டுப் போறேன். ஆனா பிள்ளையை அனுப்ப மாட்டேன். நீங்க போலீஸைக் கூட்டிட்டு வந்தாலும் சரி, மிஸ்ஸைக் கூட்டிட்டு வந்தாலும் சரி, அனுப்ப மாட்டேன்."

ப்ரூஃப் ரீடர் மறைந்துகொள்ளப் பேப்பரைத் தேடினார். அது மெக்கானிக்கின் காலடியில் கிடந்தது.

பெரியம்மா எழுந்து, தானே துணியை எடுக்கப் பிள்ளையின் அறைக்குப் போனாள். அங்கே கட்டில் கலையாமல் இருந்தது. பிள்ளை எங்கே தூங்குகிறாள் என்று கேட்டாள். வாண்டு சந்தோஷமாகச் சமையலறையைக் காட்டினாள். அடுப்பு மேடையை ஒட்டி, தரையில் படுக்கை விரித்திருந்தது. பெரியம்மா சமையலறைக்குள் நுழைந்தாள். அப்புறம் அவள் குனிந்து பார்த்தாள். படுக்கை இரண்டு இருந்தது. சின்னத் தலையணைக்குப் பக்கத்தில் பெரிய தலையணை ஒன்று. அதில் கிரீஸ் வாசம்.

"இது யாரோடது?"

ப்ரூஃப் ரீடர்தான், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்காமலே முன்னால் வந்தார்.

"இவளோடது அக்கா. பிள்ளை கட்டில்ல படுக்க மாட்டேன், அடுப்படியிலதான் படுப்பேன்னு அடம் பிடிச்சா. தூக்கிக் கட்டில்ல போட்டா எழுந்து போயிடுவா. அதனால இவளும் அங்க போய்ப் படுக்க ஆரம்பிச்சா. பகல் முழுக்க ஏணியில ஏறுற முதுகு, தரையில படுத்துப் பிடிச்சுக்கிச்சு. நான் சொல்லியிருக்கணும். சொல்லாம இருந்தது என் தப்பு."

பெரியம்மா அந்தத் தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய நிமிர்ந்த தோள்கள் தளர்ந்தன. மெக்கானிக்கின் அருகே வந்து, கிரீஸ் போகாத அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

"என் தங்கச்சி உயிரோட இருந்திருந்தாலும் இதுக்கு மேல பண்ணியிருக்க மாட்டா," என்றாள். "நான்தான் தப்பா நினைச்சுட்டேன். நீ ரொம்ப நல்லவ. இனிமே இவளுக்கு நீதான் அம்மா."

மெக்கானிக் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். பெட்டி காலியாகவே திரும்பிப் போகும். அப்போது மூலையில் தட்டு தடாலென்று விழுந்தது.

வாண்டு ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துத் தள்ளினாள். இத்தனை நாள் இல்லாத பயம் அவள் முகத்தில் இருந்தது. இவங்க நல்லவங்க இல்லை, அப்படிச் சொல்லாதீங்க என்று கத்தினாள். எனக்கு ஊசி போட வச்சாங்க, ராத்திரியும் பல் தேய்க்கச் சொல்றாங்க, லிஃப்ட் விழவே விழாதுன்னு சொல்றாங்க என்று மூச்சு வாங்க ஒவ்வொரு குற்றமாகச் சொன்னாள். குற்றம் தீர்ந்துபோனதும் மெக்கானிக்கின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விம்ம ஆரம்பித்தாள்.

மெக்கானிக் முட்டிபோட்டு அவள் கன்னத்துக் கரியைத் துடைத்தாள். "ஏண்டி, நான் நல்லவளா இருந்தா உனக்கு என்னடி கஷ்டம்?"

வாண்டு அவள் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல அம்மாங்க எல்லாரும் முதல் பக்கத்துலயே செத்துப் போயிடுறாங்க. கெட்ட சித்தி மட்டும்தான் கடைசிப் பக்கம் வரைக்கும் கூடவே இருக்காங்க."